வக்கீலிடம் நேரம் வாங்கும் முன் எதிராளியின் பெயரைச் சொல்லிவிடுங்கள்

காலி செய்த வீட்டின் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டேன். பணம் வரவில்லை. நான் வீட்டைச் சேதப்படுத்திவிட்டேன் என்று வக்கீல் நோட்டீஸ்தான் வந்தது. நண்பர் சொன்ன வக்கீல் அலுவலகத்துக்குப் போய், வாடகை ஒப்பந்தத்தில் தொடங்கிச் சுவரில் நீர் கசிந்தது வரை ஜூனியரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதிக் கதைக்கு மேல்தான் வீட்டு உரிமையாளர் பெயரையே கேட்டார். சொன்னதும் எழுதுவதை நிறுத்திவிட்டு உள்ளே போனார். "வேறொரு வழக்கில் அவர் எங்கள் கட்சிக்காரர், இதை எடுக்க முடியாது" என்று திரும்பி வந்தார். ஒரே வக்கீல் இரண்டு பக்கமும் நிற்க முடியாது, சரி. அதை நேரம் கொடுக்கும்போதே விசாரித்திருக்கக் கூடாதா? என் கதை முழுக்க அவர் நோட்டில் இருக்கிறது என்பது இன்னும் உறுத்துகிறது. போனில் முதல் வார்த்தையாக எதிராளியின் முழுப் பெயரைச் சொல்லிவிடுங்கள். கதை அப்புறம்.

அடுத்த வக்கீல் கொடுத்தது அரை மணி நேரம்தான். நடந்ததைத் தேதிவாரியாக ஒரே தாளில் எழுதிப் போயிருந்தேன். குடியேறிய நாள், கொடுத்த தொகை, காலி செய்வதாகச் சொன்ன நாள், சாவி ஒப்படைத்த நாள், அவ்வளவுதான். 'அவர் ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான்' வகையறா எதுவும் அதில் இல்லை. அவர் பேனாவை எடுத்துச் சாவித் தேதியைச் சுற்றி வட்டம் போட்டு, "இதற்கு ஆதாரம்?" என்றார். 'சாவி வந்துவிட்டது' என்ற வாட்ஸ்அப் செய்தியைக் காட்டினேன். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, எண்ணும் தேதியும் தெரிய முழு உரையாடலையும் எடுத்துத் தாருங்கள், போனிலிருந்து எதையும் அழிக்காதீர்கள் என்றார்.

நோட்டீஸ் வந்த கவரைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தது பெரிய புண்ணியம். பதில் சொல்லக் கொடுத்திருந்த கெடு, நோட்டீஸ் கையில் கிடைத்த நாளிலிருந்து. அவர் முதலில் தேடியதே கவரின் மேலிருந்த அஞ்சல் முத்திரையைத்தான்.

சிக்கியது ஒப்பந்தத்தில். வீட்டில் என்னென்ன பொருள்கள் எந்த நிலையில் இருந்தன என்ற பட்டியல் கடைசிப் பக்கம். தரகர் எனக்குக் கொடுத்த நகலில் அந்தப் பக்கமே இல்லை. அது இல்லாமல் சேதக் கணக்குக்குப் பதில் எழுத முடியாது என்றார் வக்கீல். தரகரோ "நாளைக்கு", "ஆபீஸில் இருக்கிறது", "பையன் ஊருக்குப் போயிருக்கிறான்" என்று இழுத்தடித்தார். கெடு நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் போனது. எந்த ஒப்பந்தமானாலும், வக்கீலிடம் போவதற்கு முந்தின நாளே பக்க எண்களை எண்ணிப் பாருங்கள்.

நமக்குப் பாதகமானதையும் முதல் நாளே கொட்டிவிட வேண்டும். அலமாரிக்காகச் சுவரில் துளை போட்டதைச் சொன்னபோது அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. எதிர்த்தரப்பு சொல்லித் தெரிந்துகொள்வதுதான் தனக்குச் சிக்கல் என்றார்.

கட்டணம் கேட்கக் கூச்சம் வேண்டாம். பதில் நோட்டீஸுக்கு மட்டுமா, வழக்கானால் தனியா, நீதிமன்றச் செலவு யார் கணக்கில் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டேன். "பார்த்துக்கலாம்" என்ற பதிலோடு எழுந்து வராதீர்கள். அசல் ஆவணம் கேட்டால் கையொப்பமிட்ட ரசீது வாங்காமல் கொடுக்காதீர்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து மட்டும் போடவே போடாதீர்கள்.

ஒருவழியாக அந்தப் பக்கம் வந்து, கெடுவுக்குள் பதிலும் போய்விட்டது. இப்போது பேசித் தீர்க்கலாம் என்கிறார்களாம். இடையில் நின்று பேசுகிறேன் என்று தரகர் அழைத்துக்கொண்டே இருக்கிறார். நான் எடுப்பதாக இல்லை.