ஓடுற கொன்ட்ரோலரையும் தொடத்தான் வேணும்

கிழக்கிலங்கையில் கல்லடி தொடங்கி கல்முனை, அக்கரைப்பற்று வரைக்கும் வைஃபை வேலைக்குப் போகிற இடமெல்லாம் ஒரே பேச்சுத்தான்: "அது ஓடிக்கிட்டுத்தானே இரிக்கு, ஏன் தம்பி தொடணும்?" ஹோட்டலோ, தனியார் ஆஸ்பத்திரியோ, பெரிய கடையோ, பின்னால் ஒரு ஸ்டோர் அறையில் தூசு பிடித்தபடி வயர்லெஸ் கொன்ட்ரோலர், அதாவது கட்டிடத்தின் முழு வைஃபையையும் ஒரே இடத்தில் இருந்து நடத்துகிற பெட்டி, கிடக்கும். பூட்டின நாளில் என்ன ஃபேர்ம்வெயார் (பெட்டியை ஓட்டுகிற உள் மென்பொருள்) இருந்ததோ அதேதான் இன்றைக்கும். பூட்டினவர் கட்டாருக்குப் போயிருப்பார், பாஸ்வேர்ட் யாரோ ஒருவரின் பழைய டயறியில் இருக்கும். அவர்கள் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை, அதைப் புதுப்பிக்கும்போது இடையில் ஏதாவது பிழைத்தால் மொத்த வைஃபையும் படுத்துவிடும். ஆனாலும் நான் சொல்வது இதுதான்: தொடாமல் விட்ட கொன்ட்ரோலர் தானாகவே ஒருநாள் நிற்கும், அதுவும் ஆட்கள் நிறைந்திருக்கிற நாளாகப் பார்த்து நிற்கும்.

ஏன் தானாக நிற்கும்? சிஸ்கோ கம்பனியின் பழைய பொக்ஸ்களை எடுத்துக்கொள்வோம். அங்கங்கே இருந்து வைஃபை கொடுக்கிற அக்சஸ் பொயின்டும் கொன்ட்ரோலரும் ஒன்றையொன்று அடையாளம் காண, தொழிற்சாலையிலேயே இரண்டுக்குள்ளும் ஒரு டிஜிட்டல் சான்றிதழைப் பதித்து அனுப்பினார்கள். பழைய மொடல்களில் அதன் ஆயுள் 10 வருடம். அது காலாவதியான பிறகும் ஏற்கனவே இணைந்திருக்கும் அக்சஸ் பொயின்ட் பேசாமல் ஓடிக்கொண்டிருக்கலாம், ஆனால் ஒரு தரம் கரண்ட் போய் வந்ததும் திரும்பச் சேராது. கேபிளை மாற்றுவார்கள், சுவிட்சை மாற்றுவார்கள், புது அடப்டர் வாங்குவார்கள், ஒன்றுக்கும் அசையாது, ஏனென்றால் வயரில் ஒரு கோளாறும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் உள்ள, கேப்வேப் எனப்படும் கட்டுப்பாட்டு இணைப்பையே கொன்ட்ரோலர் மறுத்துவிடுகிறது. பிறகு வந்த ஃபேர்ம்வெயார்களில் இந்தக் காலாவதியைக் கணக்கெடுக்காதே என்று சொல்ல ஒரு கட்டளை உண்டு, பழையதில் அது இல்லை. அப்போது கொன்ட்ரோலரின் நேரத்தைத் தானாகச் சரிபார்க்கும் என்டிபியை நிறுத்தி, கடிகாரத்தைச் சான்றிதழ் உயிரோடு இருந்த ஒரு திகதிக்குப் பின்னே தள்ளி, எல்லாம் வந்து சேர்ந்த பிறகு அப்கிரேட் செய்ய வேண்டும்.

இது போதாதென்று இன்னொன்றும் இருக்கிறது. சிஸ்கோவின் சொந்த ஐஓஎஸ் மென்பொருளில் (ஐபோனில் உள்ளது அல்ல) ஓடுகிற பழைய அக்சஸ் பொயின்ட்கள் புது ஃபேர்ம்வெயாரை இறக்கும்போது அந்தக் கோப்பின் கையொப்பத்தைச் சரிபார்க்கும். அந்தக் கையொப்பச் சான்றிதழ் 2022 டிசம்பர் 4 ஆம் திகதியோடு முடிந்தது. அதற்குப் பிறகு பழைய பதிப்பு ஒன்றை ஏற்றப் போனால் திரையில் அக்சஸ் பொயின்ட் பெயருக்கு நேரே 'டவுன்லோடிங்' என்று விழும், அப்படியே நிற்கும், மணித்தியாலக் கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தாலும் மாறாது. இதற்கும் கடிகாரத்தை அந்தத் திகதிக்கு முன்னால் தள்ளுவது ஒரு வழி, திருத்திய பதிப்பை நேரே ஏற்றுவது இன்னொரு வழி. இதைத் தெரியாமல் இரவு 10 மணிக்கு வேலையைத் தொடங்குகிறவரை நினைத்தால் எனக்கு உண்மையில் கவலைதான்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2017 ஒக்டோபரில் வந்த கிராக், 2021 மே மாதம் வந்த ஃபிராக் அட்டாக்ஸ் இரண்டும் மத்தி வான்ஹூஃப் என்ற ஆய்வாளர் வெளிக்கொண்டு வந்தவை, இரண்டுமே வைஃபையின் அடித்தளத்தில் இருந்த ஓட்டைகள். 2022 ஏப்ரலில் சிஸ்கோ கொன்ட்ரோலரின் 8.10 தொடரில் ஒரு ஓட்டை வெளியானது, குறிப்பிட்ட ஒரு செட்டிங் இருந்தால் சரியான பாஸ்வேர்ட் இல்லாமலே நிர்வாகியாக உள்ளே போகலாம், 10க்கு 10 என்று அதற்கு அபாய மதிப்பு கொடுத்தார்கள். யுனிஃபை என்ற இன்னொரு வகை வைஃபை வைத்திருப்பவர்களும் நிம்மதியாக இருக்க முடியாது, 2021 டிசம்பரில் உலகமே பதறிய, லொக்4ஜே என்ற மென்பொருள் பாகத்தின் ஓட்டை அந்தக் கொன்ட்ரோலர் மென்பொருளிலும் இருந்தது, 6.5.54 பதிப்பில்தான் அடைத்தார்கள். விருந்தினர் கடவுச்சீட்டு விபரமும் கார்ட் மெஷினும் அதே வலையமைப்பில் ஓடுகிற ஹோட்டலில் இதைச் சும்மா விட முடியுமா?

சரி, எப்போது செய்வது? இங்கேதான் நம்முடைய பிரதேசத்துக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. பாசிக்குடாவிலும் அறுகம்பையிலும் சித்திரை வைகாசி தொடங்கினால் புரட்டாசி வரைக்கும் சீசன், பொக்ஸில் கை வைக்க விடமாட்டார்கள். சீசன் முடிந்ததும் கார்த்திகை மார்கழி மழை, காற்று, கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. என் கணக்கில் மாசி கடைசியும் பங்குனியும்தான் நல்ல காலம், மழை ஓய்ந்திருக்கும், ஆட்கள் வரத் தொடங்கியிருக்கமாட்டார்கள். அலுவலகம், பாடசாலை என்றால் போயா நாள் நல்லது. எந்த நாளானாலும் கொன்ட்ரோலரும் சுவிட்சும் இரண்டுமே யூபிஎஸ்ஸில் இருக்க வேண்டும், அதன் பற்றரி முந்தின நாளே சோதித்திருக்க வேண்டும். கடற்கரை ஹோட்டலில் உப்புக் காற்றில் கேபிள் முனைகள் பச்சை பிடித்திருக்கும், அதையும் வேலைக்கு முன்னமே பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் ரீபூட்டுக்குப் பிறகு எழும்பாத அக்சஸ் பொயின்டுக்குக் காரணம் ஃபேர்ம்வெயாரா துருவா என்று அந்த இரவில் பிரித்தறிய முடியாது.

வேலையில் முதல் படி கொன்ஃபிக்கை (எல்லாச் செட்டிங்கும் உள்ள கோப்பை) வெளியே ஒரு லப்டொப்பில் எடுத்து வைப்பது. அப்புறம் உங்கள் கொன்ட்ரோலர் எதுவரை போகும் என்று பாருங்கள். சிஸ்கோ 2504, 5508 இரண்டும் 8.5 தொடரோடு நின்றுவிடும், 8.10தான் ஏர்ஓஎஸ் என்ற அந்தப் பழைய கொன்ட்ரோலர் மென்பொருள் குடும்பத்தின் கடைசித் தொடர், அதற்கு மேல் 9800 வகைப் புதுப் பொக்ஸ்தான். அதோடு ஒவ்வொரு அக்சஸ் பொயின்ட் மொடலையும் எழுதி எடுத்து, எந்தப் பதிப்போடு எது ஓடும் என்று காட்டும் பொருத்தப் பட்டியலில் பாருங்கள், புதுப் பதிப்பு கைவிட்ட மொடல் ஒன்று இருந்தால் அது மறுபடி சேரவே மாட்டாது. 7 தொடரில் கிடக்கிற பொக்ஸை ஒரே பாய்ச்சலில் 8.5 ஆக்கப் பார்க்காதீர்கள், பெரும்பாலும் நடுவில் 8.0 இல் ஒரு தரிப்பு வேண்டும். ஃபேர்ம்வெயார் கோப்பைக் கொன்ட்ரோலருக்கு அனுப்ப எஃப்டிபி முறையைப் பாவியுங்கள், டிஎஃப்டிபி என்ற மற்ற முறையின் பழைய சேர்வர்கள் 32 எம்பி தாண்டினால் முறிந்துவிடும். கோப்பு ஏறியதும் உடனே ரீபூட் வேண்டாம், முதலில் எல்லா அக்சஸ் பொயின்டுக்கும் புதுப் பதிப்பை முன்கூட்டியே இறக்கிவிடுங்கள், அந்த நேரம் வைஃபை வழமைபோல ஓடும், கடைசியில் எல்லாம் ஒரே ரீபூட்டில் எழும்பும். 'ஷோ பூட்' என்ற கட்டளையை அடித்தால் புதியது முதன்மையாகவும் பழையது மாற்றாகவும் தெரியும், பழையதை அழிக்காமல் வைத்திருப்பதே திரும்பி வரும் வழி.

5508 இல் எஃப்யூஎஸ் என்று தனியாக ஒரு கோப்பும் உண்டு, பெட்டியை முதலில் எழுப்பிவிடுகிற பூட்லோடர் போன்ற உள் பாகங்களைப் புதுப்பிப்பது. நீலக் கொன்சோல் கேபிளைக் குத்தி, 9600 வேகத்தில் லப்டொப் திரையில் திறந்து வைத்துக்கொண்டுதான் நான் அதைச் செய்வேன், ஏனென்றால் வெளியிலிருந்து பார்த்தால் பெட்டி செத்தது போலவே இருக்கும். அரை மணித்தியாலத்துக்கு மேலும் போகும். ஒரு ஹோட்டலில் மனேஜர் பக்கத்தில் நின்று பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, ஒருக்கா ஓஃப் பண்ணிப் போட்டுப் பாப்பமா?" என்று சுவிட்சை நோக்கிக் கையை நீட்டிவிட்டார். "வேணாம் சேர், கையே வைக்காதீங்க, உள்ளுக்கு எழுதிக்கிட்டு இரிக்கு," என்று திரையைக் காட்டினேன். வரி வரியாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் கரண்டை எடுத்தால் பெட்டி திரும்ப எழும்பாமலே போகலாம், யூபிஎஸ் என்று நான் கரைச்சல் கொடுப்பது இதற்காகத்தான்.

முடிந்த பிறகு போனில் வைஃபை வந்துவிட்டது என்று கிளம்பக் கூடாது. கடிகாரத்தைச் சரியான நேரத்துக்குக் கொண்டுவந்து என்டிபியை மறுபடி போடுங்கள். கார்ட் மெஷின், பிரின்டர், பழைய பார்கோட் ரீடர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள், முறைப்பாடு அங்கிருந்துதான் வரும்.

கடைசியாக, ஃபேர்ம்வெயாரை எங்கே எடுப்பது. சேவை ஒப்பந்தம் இல்லை என்பதால் டெலிகிராமில் யாரோ போட்ட கோப்பை எடுத்து ஏற்றுகிற பழக்கம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம், முழு வலையமைப்பின் திறப்பையும் தெரியாத ஒருவர் கையில் கொடுக்கிறீர்கள். பாதுகாப்பு ஓட்டைக்கான திருத்தப் பதிப்பை ஒப்பந்தம் இல்லாதவர்களும் சிஸ்கோவின் டாக் உதவிப் பிரிவிடம் இலவசமாகக் கேட்கலாம், ஓட்டை அறிவித்தல்களிலேயே அதை எழுதியிருக்கிறார்கள். பெட்டியின் சீரியல் இலக்கத்தையும் அந்த அறிவித்தலின் இணைப்பையும் வைத்து விண்ணப்பியுங்கள். கோப்பு கைக்கு வந்ததும் யாரும் அதை மாற்றவில்லை என்று காட்டும் எஸ்எச்ஏ512 எண்ணைத் தளத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.