விளக்கத்தை அழித்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன்

புகார்களைக் கவனிக்கும் எங்கள் மென்பொருளை, தானே முடிவெடுத்து வேலை செய்யும் ஏஐ ஏஜென்ட் கையில் கொடுக்க வேண்டும் என்று முடிவானபோது, அது அழைத்துப் பயன்படுத்தும் 18 கருவிகளுக்கும் (தேடுவது, புகாரை மூடுவது என ஒவ்வொரு செயலும் ஒரு கருவி) விளக்கம் எழுதும் வேலை என்னிடம் வந்தது. ஏஐ மாடல்களை வெளி மென்பொருள்களுடன் இணைக்க 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட எம்சிபி முறைப்படி ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், என்னென்ன உள்ளீடு வேண்டும் என்ற வரையறை. இரண்டே நாளில் எழுதி முடித்தேன். நன்றாக எழுதிவிட்டதாகவும் நினைத்துக்கொண்டேன்.

முதல் வாரமே ஏஜென்ட் ஓரிடத்தில் முட்டிக்கொண்டு நின்றது. வாடிக்கையாளர் விவரத்தை எடுக்கும் கருவிக்கு எண் கொடுக்க வேண்டும்; அது பெயரைக் கொடுத்தது. பிழை வந்தது. அதே பெயரை மறுபடியும் கொடுத்தது. மூன்றாம் முறை, பெயருக்கு நடுவே இருந்த இடைவெளியை எடுத்துவிட்டுக் கொடுத்தது. பாவமாகத்தான் இருந்தது.

நான் எழுதியிருந்த விளக்கம்: “வாடிக்கையாளர் விவரங்களைத் தரும்.” பக்கத்துத் தேடல் கருவிக்கு: “வாடிக்கையாளர் தகவல்களைத் தேடித் தரும்.” எங்கள் குழுவில் யாரைக் கேட்டாலும் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்வார்கள், ஏனென்றால் நிரல் அவர்களுக்குத் தெரியும். ஏஜென்ட்டுக்கு அது தெரியாது. நான் எழுதிக் கொடுத்தது மட்டும்தான் அதன் கண்ணில் படும்.

திருத்துவது எளிது. திருத்தியது முன்பைவிட மேலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 40 கேள்விகள் தயாரித்து, ஒவ்வொன்றுக்கும் எந்தக் கருவியை அழைக்க வேண்டும் என்று குறித்து, பழைய விளக்கங்களுடனேயே ஓட்டினேன். ஏறக்குறைய எல்லாம் சரி! ஒரு நாள் முழுக்க மிதந்துகொண்டிருந்தேன். மறுநாள் கேள்விகளைப் படித்துப் பார்த்த சக ஊழியர், “உங்கள் விளக்கத்தின் வாலில் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறீர்களே” என்றார். உண்மைதான். “வாடிக்கையாளர் தகவலைத் தேடு” என்று கேட்டால், ஏஜென்ட்டை இயக்கும் எந்த மாடல்தான் தவறும்? வினாத்தாளுக்குள்ளேயே விடையும் அச்சாகியிருந்தது.

அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு, பெயர்களை நீக்கிய பழைய புகார்க் கடிதங்களிலிருந்து புதிதாக 40 எடுத்தேன். “போன வாரம் சொன்னேனே, அது என்ன ஆயிற்று?” இப்படித்தான் மனிதர்கள் கேட்கிறார்கள். யாரும் தன்னை வாடிக்கையாளர் என்று சொல்லிக்கொள்வதில்லை. பாதியை வைத்து விளக்கங்களைத் திருத்துவது, மீதிப் பாதியைக் கடைசி வரை திறக்காமல் வைப்பது என்று ஏற்பாடு. ஒரே கேள்விக்கு மாடல் இரண்டு முறை இரண்டு விதமாக நடந்துகொள்ளும் என்பதால் ஒவ்வொன்றையும் 5 முறை ஓட்டினேன். மூன்று முறை சரி, இரண்டு முறை தவறு என்றால் அதைத் தேறியதாக வைத்துக்கொள்ளவில்லை.

இதில் இன்னொரு சறுக்கல். நான் குறித்து வைத்த வழியிலேயே போக வேண்டும் என்று மதிப்பெண் போட்டதால், வேறு வழியில் சரியான விடைக்கு வந்ததையும் தவறு என்று அடித்துக்கொண்டிருந்தேன். பிறகு டேட்டாபேஸின் இறுதி நிலையைப் பார்த்து மதிப்பிடும்படி மாற்றினேன். நீக்கும் கருவிகளுக்கு மட்டும் விதிவிலக்கு: தேவையில்லாமல் ஒருமுறை அழைத்திருந்தாலே தோல்வி.

இந்த வேலையில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது, விளக்கத்தை அடியோடு அழித்துவிட்டுப் பெயரையும் உள்ளீட்டு வரையறையையும் மட்டும் விட்டு வைத்து ஓட்டியதுதான். சில கருவிகளின் மதிப்பெண் அசையவே இல்லை. அவற்றில் ஒன்றுக்கு நான் எட்டு வரி எழுதியிருந்தேன், ரசித்து ரசித்து. பெயரே வேலையைச் செய்துவிட்டது. என் எட்டு வரிகள் ஒவ்வோர் அழைப்பிலும் டோக்கன்களை (மாடல் படிக்கும் சொல் துண்டுகளை) தின்றதோடு சரி. மாறாக, புகாரை மூடும் கருவியில் “தீர்வு உறுதியான பிறகு மட்டும்; நிறுத்தி வைக்க வேறு கருவி உள்ளது” என்ற ஒரு வரியை எடுத்ததும் ஏஜென்ட் கண்டபடி புகார்களை மூடத் தொடங்கியது.

வலியுறுத்திச் சொன்னால் கேட்கும் என்ற ஆசையில் தேடல் கருவிக்கு “எப்போதும் முதலில் இதையே அழைக்கவும்” என்று சேர்த்தேன். தேடல் தொடர்பான கேள்விகள் எல்லாம் தேறின. ஆனால் புகார் எண்ணைக் கையிலேயே கொடுத்தாலும் ஏஜென்ட் முதலில் தேடப் போனது. ஒரு விளக்கத்தில் கை வைத்தால் 18 கருவிகளையும் சேர்த்து ஓட்டிப் பார்ப்பது என்ற வழக்கம் அன்று வந்தது. எந்தக் கருவியும் பொருந்தாத கேள்விகள் சிலவற்றையும் சேர்த்தேன். “என்னால் இயலாது” என்று சொல்லத் தெரிகிறதா என்று பார்க்க.

தேதிக்கு 04/05 என்று கொடுத்து மாதமும் நாளும் இடம் மாறிய கதை எல்லோருக்கும் தெரிந்ததே. வடிவத்தை ஓர் எடுத்துக்காட்டுடன் எழுதியதும் சரியாயிற்று.

பெயரும் எண்ணும் குழம்பிய அந்த முதல் சிக்கலை விளக்கம் பாதிதான் தீர்த்தது. மீதியைத் தீர்த்தது பிழைச் செய்தி. வெறுமனே “தவறான உள்ளீடு” என்று வந்த இடத்தில், “இது எண்ணாகத் தெரியவில்லை. தேடல் கருவியில் பெயரைக் கொடுத்து எண்ணைப் பெற்று வரவும்” என்று மாற்றினேன். அடுத்த ஓட்டத்தில் ஏஜென்ட் ஒரே ஒரு முறை தடுக்கி, உடனே தேடலுக்குப் போய் எண்ணுடன் திரும்பி வந்தது.

கடைசியில், பூட்டி வைத்த 20 கேள்விகளைத் திறந்தேன். மூன்று தேறவில்லை. மூன்றிலும் “குறிப்பு சேர்”, “கருத்து சேர்” என்ற இரண்டு கருவிகளுக்கு இடையில்தான் குழப்பம். எங்கே எதைப் பயன்படுத்துவது என்று குழுவில் ஐந்து பேரைக் கேட்டேன். ஐந்து விதமாகச் சொன்னார்கள். இப்போது எங்களிடம் இருப்பவை 17 கருவிகள்.