மூன்று வழங்கிகளையும் அணைத்து எழுப்பிய போயா தினம்

கொழும்பில் மருந்துகளை மொத்தமாக விநியோகிக்கும் ஒரு நிறுவனத்தில் தரவுத்தள நிர்வாகியாகப் பணியாற்றுகிறேன். எங்கள் இருப்புக் கணக்கு, விலைப்பட்டியல்கள், மருந்தகங்கள் தர வேண்டிய கடன் ஆகிய அனைத்தும் மரியாடிபி தரவுத்தளத்தில், ஒரே தரவைப் பல கணினிகளில் ஒரே நேரத்தில் பேணும் கலேரா முறையில் இணைந்த மூன்று வழங்கிகளில் (சேவையகக் கணினிகளில்) இருக்கின்றன. கட்டடத்தின் பிரதான மின்பலகையை மாற்றுவதற்காக பௌர்ணமி விடுமுறையான ஒரு போயா தினத்தில் காலை 8 மணி முதல் மாலை 4 மணி வரை மின்சாரம் முற்றாகத் துண்டிக்கப்படும் என்றும், மின்பிறப்பாக்கியின் இணைப்பும் அதே பலகையூடாக வருவதால் அதுவும் இயங்காது என்றும் நிர்வாகத்திடமிருந்து அறிவித்தல் வந்தது. வங்கிகளும் பெரும்பாலான அலுவலகங்களும் மூடியிருக்கும் நாள் என்பதால் எங்கள் வியாபாரத்துக்கு அதைவிடப் பொருத்தமான நாள் கிடைத்திருக்காது. ஆனால் மூன்று வழங்கிகளும் ஒரே அறையில் இருந்தபடியால் அவை சேர்ந்த தொகுதியான கிளஸ்டர் முழுவதையும் அணைத்தே ஆக வேண்டியிருந்தது.

இதற்கு முன்னர் அது முழுவதுமாக அணைந்தது ஒரே ஒரு முறைதான், அதுவும் எங்கள் விருப்பத்தால் அல்ல. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, பாணந்துறை உப மின் நிலையத்தில் ஏற்பட்ட கோளாறால் நாடு முழுவதும் இருளில் மூழ்கிய ஞாயிற்றுக்கிழமை அது. பற்றரிகள் தீர்ந்ததும் மூன்றும் ஒரேயடியாக விழுந்தன. மின்சாரம் மீண்டபோது ஒன்றின் மின்வழங்கல் அலகு பழுதாகியிருந்தது. மற்ற இரண்டும் மூன்றாமதைக் காணாததால் தாமாக ஒன்றுசேரவில்லை. கடைசியாகப் பதிவான மாற்றத்தின் வரிசை எண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டிலும், எண் தெரியாது என்பதற்கு அடையாளமான கழித்தல் ஒன்று என்றே எழுதியிருந்தது. ஒவ்வொன்றிலும் மீட்புக் கட்டளையை ஓட்டி, உண்மையான எண்ணைக் கண்டுபிடித்து, எது முன்னே நிற்கிறது என்று ஒப்பிடுவதற்குள் இரவாகிவிட்டது. அந்த இரவை மறுபடியும் சந்திக்கக் கூடாது என்பதற்காகவே இம்முறை ஒவ்வொரு படியையும் முன்கூட்டியே தாளில் எழுதினேன்.

இந்த முறையின் அடிப்படையை விளங்கிக்கொள்ள, புறக்கோட்டையில் மூன்று கணக்கப்பிள்ளைகள் ஒரே பேரேட்டின் மூன்று பிரதிகளை எழுதும் ஒரு கடையை நினைத்துப் பார்க்கலாம். ஒருவர் எழுதுவதை மற்ற இருவரும் உடனுக்குடன் எழுதிக்கொள்கிறார்கள். மாலையில் ஒருவர் பின் ஒருவராக வீட்டுக்குப் போகும்போது, கடைசியாகப் போகிறவரின் ஏட்டில் மட்டுமே அன்றைய வரவுசெலவு முழுவதும் இருக்கும் என்று நிச்சயமாகச் சொல்லலாம். மறுநாள் அவருடைய ஏட்டிலிருந்துதான் கடையைத் திறக்க வேண்டும். கலேராவும் அப்படியே செய்கிறது: கடைசியாக ஒழுங்காக அணைந்த வழங்கியின் நிலையைக் குறித்து வைக்கும் கிராஸ்டேட் கோப்பில் மட்டும், இதிலிருந்து தொடங்குவது பாதுகாப்பானது என்பதற்கு அடையாளமாக 1 என்ற எண்ணை எழுதி வைக்கிறது, மற்றவற்றில் அது 0 ஆக இருக்கும்.

முந்திய நாள் இரவு முழுக் காப்புப்பிரதி எடுத்தோம். அதை வேறொரு கணினியில் மீட்டெடுத்து, அட்டவணைகள் திறக்கின்றனவா என்று பார்த்த பின்னர், ஒரு பிரதியைக் கட்டடத்துக்கு வெளியே அனுப்பினோம். மீட்டெடுத்துப் பார்க்காத காப்புப்பிரதியை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

போயா தினம் காலை 6 மணிக்கு முதலில் விலைப்பட்டியல் செயலியையும், பின்னர் அதற்கும் தரவுத்தளத்துக்கும் இடையிலுள்ள சுமைப் பகிர்வியையும் நிறுத்தினோம். இனி எவரும் எழுதவில்லை என்று நினைத்த நேரத்தில், கடைசியாக உறுதியான மாற்றத்தின் எண்ணை மூன்றிலும் பார்த்தேன். ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தபோது ஒன்று கூடியிருந்தது. அடுத்த நிமிடமும் ஒன்று. என்னோடு பணியாற்றும் இளைஞர் அது கிளஸ்டரின் உள் வேலையாக இருக்கும் என்றார். ஆனால் நிமிடத்துக்குச் சரியாக ஒன்று என்பது எனக்கு உறுத்தியது. இணைப்புப் பட்டியலைத் தொடர்ந்து கவனித்ததில், கண்காணிப்புக் கணினியிலிருந்து ஒரு சிறு நிரல் நிமிடத்துக்கு ஒரு முறை வந்து, தரவுத்தளம் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஒரு வரியை எழுதிச் செல்வது தெரிந்தது. அதையும், தரவுத்தளத்துக்குள்ளேயே நேரம் குறித்து ஓடும் நிகழ்வுகளையும் நிறுத்திய பிறகே எண் அசையாமல் நின்றது. அணைக்கும் வேலையில் மிக முக்கியமான பகுதி இதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

அதன் பின்னர், நினைவகத்தில் தேங்கியிருக்கும் மாற்றங்கள் வட்டில் இறங்குவதற்காக, அழுக்குப் பக்கங்களின், அதாவது இன்னும் வட்டில் எழுதப்படாத பக்கங்களின், உச்ச வீதத்தைப் பூச்சியமாக்கிக் காத்திருந்தோம். கட்டளை கொடுத்தவுடன் வழங்கி விரைவாக அணைவதற்கு இந்தப் பத்து நிமிடம் உதவுகிறது. மின்சாரம் திரும்பியதும் வழங்கிகள் தம்பாட்டில் தரவுத்தளத்தைத் தொடங்கிவிடாதபடி தானியங்கித் தொடக்கத்தையும் மூன்றிலும் முடக்கினோம். பிறகு மூன்றாம் வழங்கியை அணைத்து, முதலாம் வழங்கியில் உறுப்பினர் எண்ணிக்கை 2 ஆகக் குறைந்ததைக் கண்ட பின் இரண்டாமதை அணைத்தோம். ஒழுங்காக விடைபெற்றுப் போகும் வழங்கியைக் கலேரா, இயங்குவதற்குப் பெரும்பான்மை உறுப்பினர்கள் வேண்டும் என்ற கணக்கிலிருந்து நீக்கிவிடுவதால், தனியே எஞ்சிய முதலாம் வழங்கியும் தடையின்றி இயங்கியது. அதை இறுதியாக அணைத்து, மூன்று கிராஸ்டேட் கோப்புகளிலும் இருந்த எண்களைத் தாளில் குறித்தேன். எதிலும் கழித்தல் ஒன்று இல்லை. முதலாமதில் மட்டும் 1 இருந்தது. அப்போது மணி 7.25.

மாலையில் மின்னியலாளர்கள் சைகை காட்டியதும் முதலில் வலையமைப்பு ஸ்விட்ச்களையும், பின்னர் நேரத்தை ஒத்திசைக்கும் கணினியையும், அதன் பிறகே வழங்கிகளையும் இயக்கினோம். முதலாம் வழங்கியில் புதிய கிளஸ்டரைத் தொடங்கும் கட்டளையைக் கொடுத்தேன். அது உடனே எழுந்து, செயற்படத் தயார் என்பதைக் குறிக்கும் ப்ரைமரி நிலையைக் காட்டியது. இரண்டாமதில் வழமையான தொடக்கக் கட்டளையைக் கொடுத்தபோது, நீண்ட நேரம் காத்திருந்து, இணைப்பு நேரம் கடந்துவிட்டது என்ற பிழையுடன் நின்றுவிட்டது. மீண்டும் முயன்றோம், அதே பிழை.

"அக்கா, அந்தச் சைபரை ஒன்றாக்கி, இதையும் புதிய கிளஸ்டராகத் தொடங்கினால் எழும்பிவிடும்தானே?" என்று அந்த இளைஞர் கேட்டார்.

"பொறுங்கோ தம்பி, ஏன் இணையவில்லை என்று முதலில் பார்ப்போம்" என்றேன்.

அவர் சொன்னபடி செய்திருந்தால் அது எழும்பியிருக்கும் என்பதுதான் அச்சத்துக்குரிய விடயம். ஒரே அடையாளத்தையும் ஒரே வரிசை எண்களையும் கொண்ட இரண்டு கிளஸ்டர்கள் அருகருகே ஓடியிருக்கும். ஒன்றில் ஒரு மருந்தகத்தின் விலைப்பட்டியலும் மற்றதில் இன்னொன்றினதும் ஒரே எண்ணின் கீழ்ப் பதிவாகியிருக்கும். அவற்றை எவராலும் பின்னர் சரியாக ஒன்றுசேர்க்க முடியாது. இணைய மறுக்கும் வழங்கியை வற்புறுத்தி எழுப்புவதைவிட, அணைந்தபடியே விட்டு ஒரு மணி நேரம் தேடுவது நல்லது.

இரண்டாம் வழங்கியிலிருந்து முதலாமதன் 4567 ஆம் போர்ட்டை, அதாவது வழங்கிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் வலையமைப்பு வாயிலை, தொட்டுப் பார்த்தோம், திறக்கவில்லை. சாதாரண வினவல்களுக்கான 3306 மட்டும் திறந்தது. எந்த வாயில்கள் திறந்திருக்கலாம் என்று தீர்மானிக்கும் முதலாம் வழங்கியின் ஃபயர்வோல் விதிகளைப் பார்த்தபோது 4567, விடுபட்ட மாற்றங்களை மட்டும் அனுப்பும் பகுதிப் பரிமாற்றத்துக்கான 4568, தரவு முழுவதையும் அனுப்பும் முழுப் பிரதிக்கான 4444 ஆகிய மூன்றும் அங்கே இல்லை. அந்த நாடளாவிய மின்தடைக்குப் பின்னர், ஒரு வருடத்துக்கு முன்னர் அந்த வழங்கியைப் புதிதாக அமைத்த நாளில், விதிகளை ஓடிக்கொண்டிருந்த நிலைக்கு மட்டும் சேர்த்து, நிரந்தரமாகச் சேமிக்காமல் விட்டிருக்கிறோம். இடையில் அது ஒருபோதும் மீள இயக்கப்படாததால் குறை வெளிப்படவில்லை.

விதிகளை நிரந்தரமாகச் சேமித்த பின்னர் இரண்டாமது சில வினாடிகளில் இணைந்தது. தரவுத்தளத்தில் எழுதுவது நின்ற நிலையில் அணைத்திருந்தபடியால் முழுப் பிரதி எடுக்கும் தேவை எழவில்லை. எங்கள் 280 கிகாபைட் தரவுக்கு அது மணிக்கணக்கான வேலையாக இருந்திருக்கும். மூன்றாமதும் இணைந்து, எண்ணிக்கை 3 ஆகி, எல்லாம் தரவு ஒத்திசைந்துவிட்டது என்பதைக் குறிக்கும் ஸிங்க்ட் நிலையைக் காட்டிய பின்னரே நிறுத்தியிருந்த நிகழ்வுகளையும் செயலியையும் திறந்தோம். முந்திய நாளின் கடைசி விலைப்பட்டியலையும் மொத்தக் கடன் தொகையையும் தாளில் இருந்தவற்றோடு ஒப்பிட்டேன், இரண்டும் பொருந்தின.

மூன்றாம் வழங்கியை வேறொரு கட்டடத்துக்கு மாற்றும்படி மறுவாரமே நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். அது அங்கே இருந்திருந்தால், இங்குள்ள இரண்டையும் ஒழுங்காக அணைத்துவிட்டு, அந்த ஒன்றைக் கொண்டே போயா தினம் முழுவதும் சேவையைத் தொடர்ந்திருக்கலாம். ஒப்புதல் வரும்வரை, மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு வழங்கியையும் தனித்தனியாக மீள இயக்கிப் பார்க்கிறோம்.