லாங்கல்பந்தில் மூன்று முழுக்கு

அம்மாவை அழைத்துப் போக வேண்டிய தீர்த்தம் எது என்று கேட்டால், வங்கதேசத்து இந்துக்கள் யோசிக்காமல் சொல்வது லாங்கல்பந்த். டாக்காவுக்குத் தென்கிழக்கே, நாராயண்கஞ்ச் மாவட்டத்தில், பழைய பிரம்மபுத்திரக் கரை. ராமநவமிக்கு முந்தைய வளர்பிறை அஷ்டமியில் ஸ்நானம். அது புதன்கிழமையில் வந்தால் புதாஷ்டமி, கேட்கவே வேண்டாம்.

தாயை வெட்டிய பாவத்தால் பரசுராமர் கையோடு ஒட்டிக்கொண்ட கோடரி விழுந்தது இமயமலைப் பிரம்மகுண்டத்தில். அந்த நீரை ஊருக்கெல்லாம் கொடுக்க அவர் மலையிலிருந்து உழுதுகொண்டே வந்தார். கலப்பை நின்ற இடம்தான் லாங்கல்பந்த். லாங்கல் என்றால் நம்முடைய நாஞ்சில்தான். தாய்க்குச் செய்த பாவத்தைக் கரைத்த நீருக்குத் தாயைக் கூட்டிவருவதே வழக்கமாகிவிட்டது. 1901-இல் சுவாமி விவேகானந்தரும் தம் தாயாரை அழைத்துவந்து இங்கே ஸ்நானம் செய்வித்தார். மகன் சன்னியாசி ஆனாலும் அம்மாவின் ஆசை ஆசைதானே!

டாக்கா குலிஸ்தானிலிருந்து சோனார்காவ் பக்கம் போகும் பஸ் ஏறி, காஞ்ச்பூர் பாலம் தாண்டி நெடுஞ்சாலையிலேயே இறங்கலாம். ஆனால் ஸ்நானத்தன்று பாலத்துக்கு முன்பே வண்டி நின்றுவிடும். முந்தின நாள் பகலிலேயே போய்விடுவது உத்தமம். திதி நள்ளிரவில் பிறந்தால் நள்ளிரவிலேயே கூட்டம் இறங்கும். படித்துறைகள் பல இருந்தும் எல்லோருக்கும் ராஜ்காட்தான் வேண்டும். 2015-இல் அங்கே ஏற்பட்ட நெரிசலில் 10 பேர் மாண்டார்கள். நதி ஒன்றுதான், புண்ணியமும் ஒன்றுதான். வயதானவர்களோடு போனால் கொஞ்சம் நடந்து, ஆள் குறைந்த துறையில் இறங்குங்கள். காந்தியின் அஸ்தி கரைத்த துறையும் இதே கரையில்தான் இருக்கிறது.

பூ, வில்வம், அருகம்புல், நெல், கடுக்காய், இளநீர், மாவிலைக் கொத்து. இவ்வளவுதான் சாமான். கரையிலேயே கிடைக்கும், விலை இரண்டு மடங்கு. மாற்றுத் துணியைப் பாலிதீன் பையில் கட்டி, கரையில் ஒருவரைக் காவலுக்கு உட்கார வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈரப் புடவையோடுதான் ஊர் திரும்ப வேண்டிவரும். பெண்கள் உடை மாற்றத் தற்காலிகத் தடுப்புகள் உண்டு, வரிசை நீளம். ஸ்நானத்துக்கு முன்பே வளையல், சங்கிலியைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள்.

புரோகிதர்கள்தான் சோதனை. படியில் கால் வைக்குமுன்னே கையைப் பிடித்துக் கோத்திரம் கேட்பார்கள். தட்சிணை எவ்வளவு என்று முதலில் பேசிவிட வேண்டும். தர்ப்பணம் பாதியில் நிற்கும்போது தொகை ஏறும், அப்போது ஒன்றும் செய்ய முடியாது.

கோடைத் தொடக்கம், நீர் குறைவு. ஆகாயத்தாமரையை விலக்கியிருப்பார்கள், வேர்நாற்றம் மட்டும் போகாது. கடைசிப் படிக்குக் கீழே சேறு வழுக்கும். செருப்பில்லாத காலால் துழாவி, இடுப்பளவு நீரில் நின்றுவிட வேண்டும். இரண்டு கையிலும் பூவும் கடுக்காயும் ஏந்தி:

'பிரம்மபுத்ர மஹாபாக சாந்தனோ: குலநந்தன, அமோகா கர்ப்ப ஸம்பூத பாபம் லௌஹித்ய மே ஹர.'

லௌஹித்யன் என்பது பிரம்மபுத்திரனுக்கு இன்னொரு பெயர். அமோகையின் வயிற்றில் பிறந்தவனே, என் பாவத்தைப் போக்கு என்று, நதியையும் தாய் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறோம். கையைத் திறந்தால் பூ ஓடிப் போகாது. ஓட்டமே இல்லாத நீர். நாம் விட்ட கடுக்காய் நம் மார்பருகிலேயே மிதக்கும். பக்கத்தில் யாரோ விட்ட சாமந்தி நம் தோளில் வந்து ஒட்டும். அந்தக் கலங்கல் நீரில் மூக்கைப் பிடித்து மூன்று முழுக்கு. மூன்றாவதில் எழும்போது தண்ணீர் எது கண்ணீர் எது என்று தெரியாது. அருவருப்பும் அலுப்பும் எங்கே போயின? லௌஹித்யா, அழுக்காகிக் கிடந்தும் எங்கள் அழுக்கை வாங்கிக்கொள்கிறாயே அப்பா!

பிரிவினையிலும் 1971-இலும் கிளம்பிப் போன குடும்பங்கள் கொல்கத்தாவிலும் அகர்தலாவிலும் இருக்கின்றன. அதற்குப் பிறகு போனவர்கள் லண்டனிலும் நியூயார்க்கிலும். வர முடியாதவர் ஒவ்வொருவருக்கும் பெயர், கோத்திரம் சொல்லித் தனியாக ஒரு முழுக்குப் போடலாம். தீர்த்தம் கொண்டுபோவதானால் படியோரம் மொள்ளாமல் நடுவில் போய் மொள்ளுங்கள், துணியில் வடிகட்டுங்கள், மூடியை டேப்பால் சுற்றி விமானத்தில் பெரிய பெட்டிக்குள் வையுங்கள். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள்.

சேவைக் கூடாரங்களில் கிச்சடியோ அவலோ தருவார்கள், வெட்கப்படாமல் கை நீட்டுங்கள். தெம்பிருந்தால் அப்படியே பாரதி என்ற ஊருக்குப் போய் வங்கத்துத் துறவி லோகநாத பாபாவின் ஆசிரமத்தில் ஒரு நமஸ்காரம். ஈரத் தலையோடு வருகிறவர்களைப் பார்த்ததும் அங்கே வழிவிடுவார்கள்.