மூன்றே கால் சுற்று

இரவு பத்தரை மணிக்கு ஏற்காட்டிலிருந்து போன் வந்தது. "கண்ணு, யாரோ பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்ட மாதிரியே இருக்கு. ஐயா தூங்கி மூணு நாளாச்சு" என்றார் அந்த அம்மா. அவர் போனைத் தொட்டிப் பக்கம் நீட்டியதும் எனக்கே கேட்டது. கொட கொடவென்று ஒரு இரைச்சல், நடுவில் ஒரு நொடி அமைதி, அப்புறம் ஒரு பெரிய மடக்கு, மறுபடியும் இரைச்சல்.

நான்கு நாளுக்கு முன்னால் அந்தத் தொட்டியை வைத்துவிட்டு வந்தது நான்தான். நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம், உள்ளே ஆறு ஒரண்டா தங்கமீன்கள். ஏற்காட்டுக் குளிருக்கு ஹீட்டர் இல்லாமலே நன்றாக இருக்கும் மீன் என்பதால் அதைத்தான் சொல்லியிருந்தேன். நான் அப்போது சேலத்தில் ஒரு கடையில் வேலை செய்தேன். காலையில் கடை முதலாளியிடம் சொன்னபோது, "ரெண்டு வாரத்துல காது பழகிடும்னு சொல்லுப்பா" என்றார். எல்லோருக்கும் சொல்கிற பதில்தான். நானும் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அந்த வீட்டில் மட்டும் அதைச் சொல்ல மனம் வரவில்லை. ஐயாவுக்கு முழங்கால் முடியாமல் போனதால் மாடி ஏற முடியாது. அவர் கட்டில் ஹாலில், தொட்டிக்கு ஆறடி தள்ளிக் கிடந்தது. தொட்டியே அவர் படுத்தபடி பார்ப்பதற்காக வாங்கியதுதான்.

அந்தத் தொட்டிக்குச் சம்ப் அமைப்பு போட்டிருந்தேன். அதைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். சம்ப் என்றதும் நம் ஊரில் வாசலில் மூடி போட்ட நிலத்தடித் தொட்டிதான் நினைவுக்கு வரும். "தரையைத் தோண்டணுமா?" என்று கேட்காத வாடிக்கையாளரே கிடையாது. மீன் தொட்டியில் சம்ப் என்பது கீழே ஸ்டாண்டுக்குள் வைக்கிற இரண்டாவது கண்ணாடித் தொட்டி. மேல்தொட்டியின் மூலையில் ஒரு ஓவர்ஃப்ளோ பெட்டி இருக்கும். தண்ணீர் அதன் விளிம்பைத் தாண்டி உள்ளே விழுந்து, இறங்கு பைப் வழியாகச் சம்புக்கு வரும். அங்கே அழுக்கு பஞ்சில் தங்கும், பீங்கான் வளையங்களில் குடியிருக்கும் பாக்டீரியா அம்மோனியாவைத் தின்னும், கடைசி அறையிலிருந்து மோட்டார் தண்ணீரைத் திரும்ப மேலே தள்ளும். விளிம்பில் வழிவது மேல்பரப்புத் தண்ணீர் என்பதால் எண்ணெய்ப் படலம் நிற்பதே இல்லை. தங்கமீன் மாதிரி நிறையக் கழிக்கும் மீனுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது.

சத்தத்தைக் கேட்டுப் பழுதைக் கண்டுபிடிப்பதை நான் கடையில் கற்கவில்லை. எங்கள் வீடு அம்மாப்பேட்டையில் தறிக்காரர் வீடு. அப்பா குழித்தறியில் உட்கார்ந்தபடி யாரிடமாவது பேசிக்கொண்டே நெய்வார். நாடா ஓடும் சத்தத்தில் ஒரு துளி மாறினால் கை தானாக நிற்கும். குனிந்து பார்த்தால் பாவில் ஓர் இழை அறுந்திருக்கும். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அவருக்குக் காதுக்குத் தெரிந்துவிடும். மீன் தொட்டியிலும் அதே கதைதான். தண்ணீர் மட்டும் போகும் பைப் பேசாது. தண்ணீரும் காற்றும் சேர்ந்து போகிற பைப்தான் பேசும். எங்கே, எந்த நேரத்தில் காற்று நுழைகிறது என்பதைச் சத்தமே சொல்லிவிடும்.

அந்த அம்மா போனில் கேட்க வைத்த மடக்குக்கு அர்த்தம் இதுதான். மோட்டார் தள்ளுகிற அளவு தண்ணீரைப் பைப் நிதானமாக இறக்க முடியாமல் பெட்டியில் மட்டம் ஏறுகிறது. ஏறியதும் பைப் முழுக்கத் தண்ணீர் நிரம்பி, கேனிலிருந்து டியூப் வைத்து மண்ணெண்ணெய் இறக்குவது போல, சைஃபன் பிடித்து ஒரேயடியாக இழுக்கிறது. மட்டம் சட்டென்று கீழே போய்க் காற்று நுழைகிறது. சைஃபன் உடைகிறது. மறுபடியும் முதலிலிருந்து. நான் அங்கே வைத்தது டர்ஸோ பைப். ரிச்சர்ட் டர்ஸோ என்ற அமெரிக்க மீன் வளர்ப்பாளரின் பெயரில் வழங்குவது. பைப்பின் தலையில் 'T' வடிவ இணைப்பு, அதன் பக்கவாட்டில் கீழ்நோக்கி வளைந்த எல்போ, மேல் மூடியில் காற்றுக்கு ஒரு சிறு துளை. துளையைச் சரியாகப் போட்டால் மடக்கு நின்றுவிடும். ஆனால் காற்றைக் கலந்தே இறக்குகிற முறை என்பதால் இரைச்சல் கொஞ்சம் மிஞ்சும். சேலத்தில் ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு வீட்டில் அந்த மிச்சம் யாருக்கும் கேட்காது. ஏற்காட்டில், பனி இறங்கிய பிறகு, ஓடும் வண்டியே இல்லாத ராத்திரியில் அது அருவி மாதிரி கேட்கும். மலை வீட்டுக்குத் தொட்டி வைக்கும்போது இதை யோசித்திருக்க வேண்டும்.

பைப் வாயில் ஸ்பாஞ்சைத் திணித்தால் சத்தம் அடங்கும். அன்று மாலையே அடங்கிவிடும். பலர் அதைத்தான் செய்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஒரே ஒரு இறங்கு பைப், அதன் வாயில் ஸ்பாஞ்ச் என்றால், அழுக்கு சேரச் சேர வழி குறுகிக்கொண்டே வரும். மோட்டாருக்கு அது தெரியாது. சம்பின் கடைசி அறை காலியாகும் வரை தள்ளிக்கொண்டே இருக்கும். அவ்வளவும் ஹாலில் இருக்கும்.

தரையில் தண்ணீர் நிற்பதன் வலியை நான் அறிவேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு தறிக்காரர் வீட்டு மாடியில் இதே அளவுத் தொட்டி வைத்தேன். மோட்டாரிலிருந்து மேல்தொட்டிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் ஏறு பைப்பின் வாயை நீர்மட்டத்துக்கு 6 செ.மீ. கீழே விட்டிருந்தேன். ராத்திரி கரண்ட் போனது. மோட்டார் நின்றதும் அதே பைப் தலைகீழாகச் சைஃபன் பிடித்து மேல்தொட்டித் தண்ணீரைக் கீழே இறக்க ஆரம்பித்தது. 120-க்கு 60 செ.மீ. தொட்டியில் ஒரு செ.மீ. மட்டம் என்பது 7.2 லிட்டர். ஆறு செ.மீ.க்கு 43 லிட்டர். சம்பில் நான் விட்டிருந்த காலி இடம் 30 லிட்டர்கூட இருக்காது. மிச்சம் மாடித் தரை விரிசல் வழியாக இறங்கி, கீழே தறியில் பூட்டியிருந்த வெண்பட்டுப் பாவை நனைத்தது. அந்த வீட்டுக்காரர் என்னைத் திட்டவில்லை. ஈரமான பாவைக் கையில் எடுத்துப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தறிக்காரர் மகனுக்கு அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. மூன்று மாதச் சம்பளத்தில் அந்தப் பாவுக்குப் பணம் கட்டினேன்.

ஏற்காட்டுக்கு மறுநாளே வண்டியில் போனேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் மனதுக்குள் பைப்பைத்தான் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். மலிவான விடை, ஹெர்பி என்று சொல்லப்படும் இரட்டை பைப் முறை. ஒரு பைப் முழுக்க முழுக்கத் தண்ணீரால் நிரம்பிச் சைஃபனாக ஓடும், அதன் வேகத்தை ஒரு வால்வு கட்டுப்படுத்தும். இன்னொரு பைப் ஆபத்துக்கு மட்டும். அதற்கு இரண்டு இறங்கு பைப் வேண்டும். தொட்டியைக் கவிழ்த்து இன்னொரு துளை போடுவது நினைத்தும் பார்க்க முடியாதது. 12 மி.மீ. கண்ணாடியில் அந்த அளவுத் தொட்டி வெறுமனே 85 கிலோவுக்குக் குறையாது. ஆனால் பெட்டிக்குள் ஏற்கெனவே இரண்டு துளைகள் இருந்தன. பெரியது இறங்கு பைப்புக்கு, சின்னது ஏறு பைப்புக்கு. ஏறு பைப்பைத் தொட்டியின் பின்விளிம்புக்கு மேலாகக் கொண்டுவந்துவிட்டால் சின்னத் துளை நமக்குக் கிடைத்துவிடும்.

இதில் பலர் மாற்றிச் செய்யும் ஒரு விஷயம் இருக்கிறது. முக்கால் இஞ்ச் பைப்பைத்தான் சைஃபனுக்கு எடுக்க வேண்டும், ஒரு இஞ்ச் பைப்பை ஆபத்துக்கு விட வேண்டும். தோன்றுவதற்கு நேர் எதிர். காற்றில்லாமல் ஓடும் பைப், காற்றோடு ஓடும் அதே அளவு பைப்பைவிடப் பல மடங்கு இறக்கும். அதனால் சின்னதே போதும். சைஃபன் அடைத்துக்கொண்டால் மோட்டார் தள்ளும் மொத்தத்தையும் மற்ற பைப் ஒற்றையாகத் தாங்க வேண்டும். அதனால் பெரியது அங்கே.

மீன்களைப் பிளாஸ்டிக் டப்பில் விட்டு, மேல்தொட்டியைப் பெட்டி விளிம்புக்குக் கீழே வரை இறக்கி, துளைகளில் பைப்பைப் பிடித்து நிறுத்தும் டேங்க் நிப்பிள்களின் வாஷரைப் புதிதாக மாற்றினேன். சைஃபன் பைப்பின் வாயைப் பெட்டிக்குள் நன்றாகத் தாழ்வாக வைத்து வலைத் தொப்பி மாட்டினேன். ஆபத்துப் பைப்பின் வாய் பெட்டி விளிம்புக்குச் சற்றுக் கீழே. சம்புக்குள் சைஃபன் பைப்பின் முனை தண்ணீருக்குள் ஒரு இஞ்ச்தான் மூழ்கியிருக்க வேண்டும். நிறைய மூழ்கினால் சத்தம் இன்னும் குறையும் என்று நினைத்து ஆழமாக விடுவார்கள். தொடங்கும்போது பைப்பில் உள்ள காற்று அந்த ஆழத்தைத் தள்ளிக்கொண்டு வெளியேற முடியாது, சைஃபன் பிடிக்கவே பிடிக்காது.

வால்வு, பல சுற்றில் மெல்ல மெல்ல மூடும் கேட் வால்வாக இருக்க வேண்டும். பால் வால்வு கால் திருப்பலில் மூடிவிடுவது. அதில் மயிரிழை சரிசெய்ய முடியாது. மோட்டாரைப் போட்டு வால்வை முழுக்கத் திறந்ததும் பைப் இரைந்தது, காற்றைக் கக்கியது, ஒரு நிமிடத்தில் சட்டென்று வாயை மூடிக்கொண்டது. சைஃபன் பிடித்துவிட்டது. அதன் பிறகுதான் பொறுமை வேண்டும். வால்வைக் கால் சுற்று மூடு. ஐந்து நிமிடம் உட்கார். பெட்டியில் மட்டம் ஏறுகிறதா, இறங்குகிறதா, நிற்கிறதா பார். மறுபடி அரைக்கால் சுற்று. இந்த ஐந்து நிமிடத்தை இரண்டு நிமிடமாகச் சுருக்கினால் நாள் முழுக்க வால்வோடு சண்டைதான். அந்த அம்மா இரண்டு தடவை காபி கொடுத்தார், அவர்கள் தோட்டத்துக் காபி. கடைசியில் ஆபத்துப் பைப்பின் வாய்க்குக் கொஞ்சம் கீழே மட்டம் அசையாமல் நின்றது. கண்ணாடியில் பேனாவால் கோடு போட்டேன். விளிம்பிலிருந்து தண்ணீர் விழும் உயரமும் இரண்டு விரற்கடையாகக் குறைந்துவிட்டதால், முன்பு தொப தொபவென்று விழுந்தது இப்போது வழுக்கிக்கொண்டு போனது.

பெரிய சத்தம் போனதும் சின்னச் சத்தங்கள் வெளியே வந்தன. மோட்டாரின் ம்ம்ம் என்ற முனகல் ஸ்டாண்டின் பலகை வழியாக அறைக்கே பரவியது. மோட்டாருக்கு அடியில் தடித்த ஸ்பாஞ்ச் வைத்து, மோட்டாருக்கும் பிவிசி பைப்புக்கும் நடுவில் ஒரு சாண் சிலிகான் டியூப் போட்டேன். பாதி அடங்கியது. மீதி எங்கிருந்து என்று தேடியபோது பைப் ஓரிடத்தில் பலகையைத் தொட்டுக்கொண்டிருந்தது. துளையைக் கொஞ்சம் பெரிதாக்கினேன். அவ்வளவுதான்.

இருட்டிய பிறகு பனி இறங்கிவிட்டது. "இந்தப் பனியில வளைவு இறங்க வேண்டாம், கண்ணு" என்று அம்மா நிறுத்திவிட்டார். எனக்கும் கரண்ட் போய் வரும் சோதனையைப் பார்க்காமல் போக மனமில்லை. மழைக்காலத்தில் சில்வர் ஓக் கிளை முறிந்து லைனில் விழுந்தால் அங்கே கரண்ட் எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. ஏறு பைப்பின் வாயை மட்டத்துக்கு ஒட்டி வைத்து, அதற்கு மேல் காற்றுக்கு ஒரு துளையும் போட்டிருந்தேன். அந்தத் துளையில் பாசி அடைக்கும் என்பதால் அதை நம்பாமல், துளை இல்லை என்று வைத்தே சம்பில் இடம் கணக்கிட்டேன். பிளக்கைப் பிடுங்கினேன். சம்பில் தண்ணீர் ஏறி, விளிம்புக்கு நான்கு விரல் கீழே நின்றது. பிளக்கைப் போட்டேன். ஒன்றரை நிமிடம் இரைச்சல், ஒரு மடக்கு, அமைதி. மட்டம் தானாக அதே கோட்டுக்கு வந்தது. ஐந்து தடவை செய்தேன். ஐந்தாவது தடவை ஐயா விழிக்கவில்லை.

இதைவிட நல்ல முறை ஒன்று உண்டு, பீன் அனிமல் என்பார்கள், மூன்று பைப். சைஃபனுக்கும் ஆபத்துக்கும் நடுவில் மூன்றாவது பைப்பில் மெல்லிய நீரோட்டம் சுவரை ஒட்டிச் சத்தமில்லாமல் இறங்கும். வோல்டேஜால் மோட்டார் வேகம் கூடக் குறைய ஆனாலும் அந்தப் பைப் ஈடுகட்டிக்கொள்ளும். புதிதாகத் துளை போடுகிறவர்களுக்கு இப்போது நான் அதைத்தான் சொல்கிறேன். ஏற்காட்டில் இருந்தது இரண்டு துளை, அதற்குள் முடித்தேன்.

ஒரு மாதம் கழித்து, பகல் பதினொரு மணிக்கு அந்த அம்மா மறுபடி கூப்பிட்டார். சமையலறையில் இருந்தபோது ஹாலில் ஏதோ சலசலப்பு கேட்டதாம். மிக மெல்லியது, ஐயாதான் முதலில் கவனித்தாராம். பேனாக் கோட்டைப் பார்க்கச் சொன்னேன். தண்ணீர் கோட்டைத் தாண்டி ஆபத்துப் பைப்புக்குள் வழிந்துகொண்டிருந்தது. வலைத் தொப்பி சரியாக உட்காரவில்லை, தொட்டியில் போட்டிருந்த செடியின் இலை ஏதோ வால்வுக்குள் போயிருக்கிறது. "அம்மா, வால்வை முழுசாத் திறங்க. அது போயிடும். ஒரு நிமிஷம் விடுங்க." திறந்தார். சம்பில் இலை வந்து விழுந்ததைச் சொன்னார். "இப்ப முழுசா மூடி, அங்கிருந்து எண்ணித் திறங்க. மூன்றே கால் சுற்று. தொப்பியையும் அழுத்தி மாட்டிடுங்க."

போனைக் கீழே வைத்துவிட்டு அவர் வாய்விட்டு எண்ணுவது கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, அப்புறம் கால். சிறிது நேரம் எதுவும் கேட்கவில்லை. பிறகு ஐயாவின் குரல், "அதை அந்தக் காலண்டர்ல எழுதி வை" என்றது.