தடைக்காலத்துல ஒரு தேக்கு டேபிள்

மே 5, திங்கள்

ஏப்ரல் 15ல ஆரம்பிச்ச மீன்பிடி தடைக்காலம் ஜூன் 14 வரைக்கும், 61 நாள். புதுச்சேரி தேங்காய்திட்டு ஹார்பர்ல எங்க பாத்தாலும் போட்டுகள கரையேத்தி பெயின்ட் அடிக்கிறாங்க, ஆசாரிங்க யாரும் கைல சிக்கமாட்டாங்க. மாமாவோடது டூரிஸ்ட் போட்டு, அதோட டெக்ல இருக்கிற தேக்கு டேபிள நானே பாத்துக்கிறேன்னு சொல்லிட்டேன். சாதாரண டேபிள் இல்ல அது, கடலூர் ஓல்டு டவுன்ல எங்க பழைய வீடு 2011 தானே புயல்ல விழுந்தப்போ தப்பிச்ச கதவுல செஞ்சது, இந்த மாதிரி முத்துன வைரம் பாஞ்ச தேக்க இன்னைக்கு காசு குடுத்தாலும் வாங்க முடியாது.

போன வருஷம் வீட்டு ஃபர்னிச்சருக்கு பாலிஷ் போடுற ஒருத்தர் மெலமைன் அடிச்சுக் குடுத்தார். பளபளன்னு தான் இருந்துச்சு, ஒரே கோடையில பாம்பு சட்ட உரிக்கிற மாதிரி உரிஞ்சுடுச்சு. வெயில்ல காஞ்சு மரம் சுருங்கும், ராத்திரி ஈரத்துல விரியும், மெலமைன் கூடவே வளைஞ்சு குடுக்காது, வெடிச்சுடும், அந்த வெடிப்பு வழியா தண்ணி உள்ள போனா அங்கங்க கருப்பா நிக்கும். தேக்கு மக்கிடுமோன்னு யாரும் பயப்பட வேண்டாம், அதுல இருக்கிற எண்ணெயே அத காப்பாத்தும், நம்ம காப்பாத்த வேண்டியது மேல போடுற பூச்சத்தான்.

மே 6, செவ்வாய்

இன்னைக்கு முழுக்க கழுவுறது சுரண்டுறது மட்டும். உப்புத்தாள் போடுறதுக்கு முன்னாடி நல்ல தண்ணில ரெண்டு மூணு தடவ கழுவிடணும், உப்பு மேல பூச்சு போட்டா அந்த உப்பு காத்துல இருக்கிற ஈரத்த இழுத்து அடியிலேயே வச்சுக்கும். நைலான் பிரஷ் தான் போட்டேன், மர ரேகைக்கு குறுக்கால தேய்ச்சேன், ரேகையோட போனா நடுவுல மெத்துன்னு இருக்கிற பாகம் பேந்து வந்து பள்ளம் பள்ளமா ஆயிடும். கம்பி பிரஷ், ஸ்டீல் வுல் எதுவும் கிட்டயே சேக்கக்கூடாது, கண்ணுக்குத் தெரியாத இரும்புத்தூள் மரத்துல தங்கி துருப்பிடிச்சு புள்ளி புள்ளியா வரும்.

ஒரு கால்ல எவனோ இரும்பு ஸ்க்ரூ போட்டிருக்கான், சுத்தி நாலணா அகலத்துக்கு மை கொட்டுன மாதிரி கருப்பு வட்டம். ஆக்ஸாலிக் ஆசிட் பவுடர வெந்நீர்ல கரைச்சு கையுறை போட்டுக்கிட்டு தடவுனேன், பாத்துட்டு இருக்கும்போதே கருப்பு பழுப்பாகி அப்புறம் மரக்கலராயிடுச்சு. அது விஷம், நல்லா அலசி விட்டுடணும். ஸ்க்ரூவ கழட்டிட்டு கடல் உப்ப தாங்குற 316 ரக ஸ்டெய்ன்லஸ் போட்டாச்சு.

மே 8, வியாழன்

உப்புத்தாள் 80, 120, 180, கடைசியா 220 நம்பர், எல்லாமே ரேகையோட. தேக்குல சிலிக்கா இருக்கு, உளி இழைப்புளி மட்டுமில்ல உப்புத்தாளும் சீக்கிரம் மழுங்கிடும், மழுங்குன தாள வச்சு அழுத்தித் தேய்ச்சா மரம் பளபளக்கும், பூச்சு ஒட்டாது. தூளு மூக்குல ஏறும், சில பேருக்கு அரிக்கும், மாஸ்க் போட்டுக்கோங்க.

மாமா வந்து பாத்துட்டு “ஏன் மாப்ள, தேக்கு எண்ணெய் ஒரு டப்பா வாங்கி தடவிட்டுப் போயேன், எதுக்கு இவ்ளோ பாடு”ன்னார். மாமா, அது தேக்குல இருந்து எடுக்கிற எண்ணெய் இல்ல, பெரும்பாலும் லின்சீடோ (ஆளிவிதை எண்ணெய்) டங் ஆயிலோ தின்னர்ல கலந்தது, நம்ம ஊரு புழுக்கத்துல லின்சீட் மேல பூஞ்ச கருப்பா பிடிக்கும், திரும்பத் திரும்ப தடவிட்டே இருக்கணும்னு சொன்னேன். போட்டோட கைப்பிடிக்கு மட்டும் ஒண்ணுமே போடப்போறதில்ல, சும்மா விட்டா சாம்பல் கலராகும், வெயில் பட்டு மேல் தோல் மாறுறது தான் அது, உள்ள மரம் அப்படியே இருக்கும், ஈரக்கைல பிடிக்கவும் வழுக்காது. சாப்பிடுற டேபிள் அப்படி இல்ல, குழம்பு சிந்தும், மஞ்சக்கறை போகாது, அதுக்கு வார்னிஷ் தான்.

எண்ணெய் பேச்சு வந்ததால இதையும் சொல்லிடறேன், தயவு செஞ்சு யாரும் அலட்சியமா விடாதீங்க. லின்சீட் நனைச்ச துணிய சுருட்டி மூலைல போட்டா எண்ணெய் காயும்போது வர்ற சூட்டுல அதுவே தீப்பிடிச்சுக்கும், தீக்குச்சியே வேணாம். தண்ணில முக்கி, விரிச்சுப் போட்டு காயவிடுங்க. டீசல் டாங்கு இருக்கிற போட்டுல இது உயிர் போற விஷயம்.

மே 9, வெள்ளி

முதல் கோட். அடிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி வெள்ளத்துணில அசிட்டோன் தொட்டு தொடைச்சேன், துணி டீ டிகாஷன் கலர்ல வந்துச்சு, அதான் தேக்கோட எண்ணெய், அத எடுக்காம அடிச்சா வார்னிஷ் பிடிக்காது. தொடைச்சுட்டு நாளைக்கு அடிக்கலாம்னு விடவும் கூடாது, எண்ணெய் திரும்ப மேல வந்துடும்.

வாங்குனது ஸ்பார் வார்னிஷ், பாய்மரத்துக்குன்னே வந்தது, மரத்தோட சேந்து வளையும், வெயில தாங்குற மருந்தும் கலந்திருக்கும். முதல் கோட்டுக்கு பாதிக்குப் பாதி டர்பன்டைன். பலகை முனையில மட்டும் ஊத்த ஊத்த குடிச்சுட்டே இருந்துச்சு, தண்ணியும் அந்த வழியாத்தான் ஏறும், அது போதும்ங்கிற வரைக்கும் விட்டேன். அடிப்பக்கமும் அடிச்சாச்சு. யாரு பாக்கப்போறான்னு அடிப்பக்கத்த விட்டா ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடிச்சு பலகை வளைஞ்சுடும்.

மே 13, செவ்வாய்

கத்திரி வெயில். நேர் வெயில்ல அடிச்சா மேல ஆடை கட்டிக்கும் உள்ள கொப்புளம் போடும், மத்தியானம் கடல்காத்து வந்தா மணலும் உப்பும் ஒட்டும், சாயங்காலம்னா காயறதுக்குள்ள பனி விழுந்து பால் மாதிரி மங்கிடும். பனி காஞ்ச பிறகு காத்து எழும்புறதுக்குள்ள காலைல கிடைக்கிற நேரம் தான் நமக்கு. ரெண்டாவது கோட்டுல கால்வாசி டர்பன்டைன், அப்புறம் கெட்டியா அப்படியே. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல 320 தாள் லேசா. டின்ன குலுக்கக்கூடாது, குமிழி வரும், மெதுவா கலக்கணும்.

மே 21, புதன்

ஆறாவது கோட் காஞ்சுடுச்சு. தண்ணி தெளிச்சா முத்து முத்தா நிக்குது, ரேகை ஆழத்துல தெரியுது, பழைய கதவுல தாழ்ப்பாள் இருந்த தழும்பு கூட அழகா இருக்கு, அத வேணும்னே நெரப்பாம விட்டேன். மாமா தடவிப் பாத்துட்டு “இதுல சாப்பாடு வைக்கவே மனசு வராதுடா”ன்னார். இன்னும் ரெண்டு வாரத்துக்கு சூடா எதுவும் வைக்காதீங்கன்னு சொல்லியிருக்கேன், தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள இறுக நாளாகும்.

கேன்வாஸ் உறைக்கு அளவு குடுத்தாச்சு. பிளாஸ்டிக் தார்பாய் வேணாம், அடியில வேர்த்து நிக்கும். உறை இருந்தா வார்னிஷ் ரொம்ப நாள் வரும், எந்த பூச்ச விடவும் நிழல் தான் பெருசு. அக்டோபர்ல மழை பிடிக்கிறதுக்கு முன்னாடி லேசா தேய்ச்சு இன்னும் ரெண்டு கோட், அதுக்கு அரை டின் மீதி இருக்கு, மூடிய இறுக்கி வீட்டுல வச்சிருக்கேன்.