நாய்க்கடிக்கு ஏன் ரெண்டு வகை ஊசி?

"தடுப்பூசிதான் போட்டாச்சே, காயத்துக்குள்ள வேற எதுக்கு ஊசி?" வலிக்குப் பயந்து அதை வேண்டாம் என்பவர்கள் நிறைய. அங்கேதான் ஆபத்து.

தடுப்பூசி போட்டதும் பாதுகாப்பு வந்துவிடாது. உடம்பின் எதிர்ப்பு அணுக்களான டி செல்கள் அடையாளம் கண்டு, பி செல்கள் பெருகி, ஆன்டிபாடி (கிருமியை மடக்கும் புரதம்) போதிய அளவுக்கு ஊற 7 முதல் 14 நாள் ஆகும். அதற்குள் ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) வைரஸ் நரம்புக்குள் நுழைந்துவிட்டால் ஆன்டிபாடியால் அதை எட்டிப் பிடிப்பது கடினம். இந்த இடைவெளிக்குத்தான் இம்யூனோகுளோபுலின், அதாவது ரெடிமேட் ஆன்டிபாடி. மனித ரத்தத்திலிருந்து எடுத்த வகை உடல் எடையில் கிலோவுக்கு 20 யூனிட், குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த வகை 40. அறுபது கிலோ ஆளுக்கு 1200 அல்லது 2400 யூனிட். காயத்துக்குள்ளும் சுற்றிலும் இறக்க வேண்டும், வைரஸ் இருப்பது அங்கேதான். முதல் தடுப்பூசிக்குப் பிறகு 7 நாள் தாண்டினால் இது தேவைப்படாது. உடம்பே தயாரிக்க ஆரம்பித்திருக்கும்.

ரத்தம் வந்த கடி, கீறல், புண்ணில் நக்கியது எல்லாவற்றுக்கும் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் வேண்டும். ரத்தமே வராத லேசான கீறலுக்குத் தடுப்பூசி மட்டும் போதும்.

தடுப்பூசி நாட்கள்: தசையில் என்றால் 0, 3, 7, 14, 28. தோலுக்குள் என்றால் 0, 3, 7, 28. பெரியவர்களுக்குப் புஜத்தில்தான், இடுப்புக்குக் கீழே பின்பக்கம் போட்டால் கொழுப்பில் தங்கி வீரியம் குறையும். முன்பே முழு கோர்ஸ் முடித்தவர்களுக்கு நினைவு செல்கள் இருப்பதால் 0, 3 இரண்டே போதும், இம்யூனோகுளோபுலினும் வேண்டாம்.

இதற்கெல்லாம் முன்னால் குழாயைத் திறந்து சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்காதீர்கள், தயவுசெய்து.